பூனைக்குட்டிகள் வந்த வீட்டில் கைவேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொட்டான் என்னும் பனையோலைக் கூடை பின்னவும், குரோஷா போடவும், பாசிமணி கோக்கவும் செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் பெரும்பாலும் தரையில்தான் உட்காருகிறோம். முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில் பாயை விரித்து, வார்ந்த பனையோலையை ஒரு பக்கமும் சாயம் ஏற்றிய ஓலையை மறுபக்கமும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. அந்த வீட்டுக்கு இரண்டு மாதப் பூனைக்குட்டிகள் வந்து சேரும்போது, முதலில் நிகழும் தவறு அவற்றின் பாய்ச்சலைக் குறும்பென்று எண்ணி அதட்டுவதுதான். சரசரக்கும் ஓலை நுனியும், உருளும் நூல்கண்டும், இழுக்க இழுக்க நெளியும் நூலும் குட்டியின் கண்ணுக்கு இரையாகவே தெரிகின்றன. அதட்டினாலோ முகத்தில் தண்ணீர் தெளித்தாலோ, அது நம்மைக் கண்டு அஞ்சக் கற்றுக்கொள்ளுமே தவிர, நாம் எழுந்து போனவுடன் ஓலையிடம் திரும்பிவிடும். மாற்ற வேண்டியவை நாம் வேலை செய்யும் நேரமும், பொருள்களை வைக்கும் முறையும்தான்.

எல்லாத் தவறுகளிலும் மிகக் கொடியது, ஊசியையும் நூலையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எழுந்து போவது. பூனையின் நாக்கிலுள்ள நுண்ணிய முட்கள் தொண்டையை நோக்கி வளைந்திருப்பதால், வாய்க்குள் போன நூலைத் துப்புவது அதற்கு மிகவும் கடினம், பெரும்பாலும் விழுங்கிவிடும். அப்படி விழுங்கிய நூலின் ஒரு முனை நாக்கின் அடியில் மாட்டிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் இறங்கினால், குடல் தன் இயல்பான அசைவினால் அந்த நூலின்மேல் சுருக்குப்பையைப் போல மடிந்து மடிந்து சுருங்குகிறது. இறுகிய நூல் குடற்சுவரை அறுத்துவிடவும் கூடும். குட்டி அடிக்கடி வாந்தி எடுத்தாலும், உணவை ஒதுக்கினாலும், எச்சில் ஒழுக வாயை முன்னங்காலால் தேய்த்துக்கொண்டே இருந்தாலும், நூலைத் தின்றிருக்குமோ என்று ஐயப்பட வேண்டும். வாயிலோ ஆசனவாயிலோ நூலின் நுனி தெரிந்தால், பதற்றத்தில் அதைப் பிடித்து இழுப்பதே பலர் செய்வது. அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். விடியட்டும் என்று காத்திராமல், குட்டியைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

நூலைக் கொட்டானுக்குள்ளேயே போட்டு வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பார்க்க அழகுதான், ஆனால் திறந்த கொட்டானுக்குள் இறங்கிப் படுக்க எந்தக் குட்டிக்கும் ஆசை வரும். மூடி இறுகப் பொருந்தும் எவர்சில்வர் சம்படமே நூலுக்கும் ஊசிக்கும் தக்க இடம். எழுந்திருக்கும் முன் ஊசிகளை எண்ணிப் பார்த்து, பாயை உதறி, வெட்டுத்துண்டுகளைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் பாயின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் நைலான் இழையே எனக்கு எப்போதும் பெரிய கவலை.

அடுத்தது நேரம். வெளிச்சம் மங்கலாக இருக்கும் விடியற்காலையிலும் அந்திப் பொழுதிலும்தான் பூனைகளுக்கு ஓட்டமும் பாய்ச்சலும் மிகும். நாமோ விளக்கேற்றிவிட்டு, காப்பியைக் குடித்து முடித்த கையோடு, சரியாக அந்த வேளையில் பின்னலைக் கையில் எடுக்கிறோம். அதற்கு முன்னால் ஒரு கால்மணி நேரம் குட்டிகளுக்காக ஒதுக்குங்கள். நீளமான குச்சியின் நுனியில் துணிப்பட்டையைக் கட்டி, தூணுக்குப் பின்னால் ஒளிவதுபோலவும் தரையில் ஓடுவதுபோலவும் இழுத்துக் காட்டி, கடைசியில் அதைக் குட்டிகள் பிடிக்கவும் விட வேண்டும். பிடிக்காமலே முடியும் விளையாட்டு குட்டிக்கு நிறைவு தராது. உடனே உணவு வையுங்கள். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் என்பதால், குட்டிகளுக்கான தீவனமோ உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்து முள் நீக்கிய மீனோ போதும். வேட்டையாடி, உண்டு, உடம்பை நக்கித் துடைத்துக்கொண்டு உறங்குவது பூனையின் இயற்கையான வரிசை. அந்த வரிசை முடிந்தபின் உட்கார்ந்தால், கை தடையின்றி ஓடும். துணிப்பட்டைக் குச்சியையும் விளையாட்டு முடிந்ததும் எடுத்து மேலே வைத்துவிடுங்கள்.

விரலை ஆட்டிக் கடிக்கக் கொடுப்பதும், ‘அழகாக இருக்கிறதே’ என்று பழைய நூல்கண்டை உருட்டி விடுவதும் அன்பினால் செய்யும் தவறுகள். ஏறத்தாழ 3 மாதம் முதல் 6 மாதம் வரை பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும் காலமாதலால் கடிக்கும் வேகம் கூடும். விரலும் நூலும் விளையாட்டுப் பொருள்கள் என்று ஒருமுறை பழகிவிட்டால், கொட்டான் பின்னும் விரலை அது எப்படி விட்டு வைக்கும்?

சாயம் காய்ச்சும்போது மட்டும் கதவைத் தயங்காமல் சாத்திவிடுங்கள். காலில் பட்ட சாயத்தைக் குட்டி நக்கித்தான் துடைக்கும். ஓவியம் வரைபவர்களின் டர்பன்டைனுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பழைய கண்டாங்கிச் சேலைகளுக்கிடையே போடும் அந்துருண்டை பூனைகளுக்கு நஞ்சு. செடி வளர்ப்போர் லில்லியை வீட்டில் வைக்கவே கூடாது. அதன் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். அரிசியை அரைத்து இடும் நடுவீட்டுக் கோலத்தில் குட்டியின் கால் பட்டால் அஞ்ச வேண்டியதில்லை, மறுபடி இட்டுக்கொள்ளலாம்.

மற்ற நேரங்களில் குட்டிகளைத் தனியறையில் அடைத்தால், வேலை முடியும்வரை கதறிக்கொண்டே இருக்கும். முற்றத்தைப் பார்த்த சன்னல் திட்டில் பழைய துண்டை மடித்துப் போட்டால், வந்துபோகும் குருவிகளைப் பார்த்தபடியே நம் அருகில் இருக்கும்.

இத்தனைக்கும் சலித்து, எடுத்த வேலையைப் பரணில் போட்டுவிடுவதும் ஒரு தவறே. குட்டிகளுக்கு ஒரு வயது நெருங்கும்போது வேகம் ஓரளவு தணியும். அதுவரை பெரிய கொட்டானைத் தொடங்காமல், நிறுத்திய இடத்திலேயே எடுத்து வைக்கக்கூடிய சிறிய கொட்டான்களாகப் பின்னி, பாதி முடிந்ததையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு எழுந்திருங்கள்.