கோல்ஃபுக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று: லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் தேர்ந்தெடுப்பது எப்படி?

லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கையடக்கக் கருவியான ரேஞ்ச்ஃபைண்டரை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மீட்டர் வரைக்கும் அளக்கும்?" என்பதுதான். விற்பவரும் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று ஏதோ ஒரு எண்ணைச் சொல்வார். அந்த எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். நீங்கள் குறிபார்க்கும் பொருளுக்கு முன்னால் என்ன இருக்கும், பின்னால் என்ன இருக்கும் என்று யோசித்து முடிவெடுங்கள். கோல்ஃப் கருவியும் வேட்டைக் கருவியும் பிரிவது அந்த இடத்தில்தான். உள்ளே இருக்கிற லேசர் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே.

படி 1: எதற்கு வாங்குகிறீர்கள்?

மதுரைப் பக்கம் கோல்ஃப் என்றால் கொடைக்கானல்தான் நினைவுக்கு வரும். 1895-இல் தொடங்கிய பழைய கிளப் அது. மேடும் பள்ளமுமான மலைத்தரை என்பதால் கண்ணளவை நம்பி அங்கே அடிக்க முடியாது. வத்தலக்குண்டு வழியாக மலையேறி விளையாடப் போகிறவர்களுக்கு இந்தக் கருவி நிஜமாகவே உதவும்.

வேட்டை விஷயத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் காட்டு உயிர்களை வேட்டையாடுவது குற்றம். திருவிழாவுக்கு முயல் வேட்டைக்குப் போவது எங்கள் ஊர் வழக்கம் என்ற பேச்செல்லாம் சட்டத்தின் முன் நிற்காது. வேட்டைக்கென்று வெளிநாட்டில் செய்த கருவிகள் இங்கேயும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றை வாங்குவதில் தப்பில்லை, அவற்றுக்கு வேறு நல்ல வேலைகள் இருக்கின்றன. வில்வித்தைப் பயிற்சி, மரத்தின் தூரமும் உயரமும் எடுப்பது, தோப்பின் எல்லையைத் தோராயமாக அளப்பது, பறவை பார்ப்பது எல்லாம் அதில் சேரும். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே பாறை இடுக்கில் வல்லூறு அமர்ந்திருந்தால், எவ்வளவு தூரத்தில் நின்றால் அது கலையாமல் இருக்கிறது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ள இதைவிட நல்ல கருவி கிடையாது. கொடைக்கானலில் காட்டுமாடு எதிரே வந்தாலும் அப்படித்தான், எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்று நிச்சயமாகத் தெரிவது நல்லது.

துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போகிறவர்கள் காசைச் சேமிக்கலாம். 10, 25, 50 மீட்டர் என்று அங்கே தூரம் ஏற்கெனவே அளந்து வைத்ததுதான்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். வீட்டு வேலையில் இன்ஜினியர் சுவரில் சிவப்புப் புள்ளி அடித்து அளப்பாரே, அது லேசர் மீட்டர். மில்லிமீட்டர் கணக்கில் துல்லியமாகச் சொல்லும், ஆனால் வெயிலில் புள்ளியே கண்ணுக்குத் தெரியாது, தூரமும் போகாது. விலை குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனால் பயன்படாது.

படி 2: எந்த எதிரொளியை எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பொத்தானை அழுத்தியதும் கருவியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளித் துடிப்புகள் கிளம்பும். பெரும்பாலான கருவிகளில் அலைநீளம் 905 நானோமீட்டர். அது பொருளில் பட்டுத் திரும்பி வர எடுத்த நேரத்தைக் கருவி எண்ணும், அதைத் தூரமாக மாற்றிக் காட்டும். கோல்ஃபில் பந்து விழ வேண்டிய குழியைக் காட்ட ஒரு கொடி நட்டிருப்பார்கள். 150 மீட்டர் தள்ளியிருக்கும் அந்தக் கொடிக்குப் போய்த் திரும்ப, ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் போதும்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கதிர் ஊசி போலப் போவதில்லை. போகப் போக விரியும். 150 மீட்டரில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்காவது விரிந்திருக்கும். கொடிக்கம்பமோ விரல் தடிமன். கதிரில் ஒரு பகுதி கம்பத்திலும் கொடித்துணியிலும் படும், மீதி பின்னாலிருக்கும் மரங்களில் போய்ப் படும். ஆக, ஒரு முறை அழுத்தினால் இரண்டு மூன்று எதிரொளிகள் திரும்பி வரும். இதில் எதைக் காட்டுவது?

கோல்ஃப் கருவி, அருகில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். கொடி முன்னால், மரம் பின்னால் என்பதே அதன் கணக்கு. சரியாகக் கொடியைப் பிடித்ததும் கையில் ஒரு அதிர்வு கொடுக்கும் மாடல்களும் உண்டு. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அந்த அதிர்வு பெரிய உதவி.

வேட்டைக் கருவி தலைகீழ். முன்னால் புல்லும் புதரும் கிளையும் இருக்கும், பார்க்க வேண்டியது அதற்குப் பின்னால் நிற்கும். அதனால் அருகில் வரும் எதிரொளிகளைத் தள்ளிவிட்டு, தூரத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். புஷ்னெல் நிறுவனத்தின் வேட்டை மாடல்களில் இதற்கு 'பிரஷ்' என்று பெயர். அருகில் இருப்பதை எடுப்பது 'புல்ஸ்ஐ'. மற்ற நிறுவனங்கள் முதல் இலக்கு, கடைசி இலக்கு என்ற பொருளில் வேறு பெயர் வைத்திருக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கடைசி இலக்கை மட்டும் எடுக்கும் கருவியோடு கோல்ஃப் ஆடப் போனால், கொடியை விட்டுவிட்டு இருபது முப்பது மீட்டர் பின்னாலிருக்கும் பைன் மரத்தின் தூரத்தைக் காட்டும். நீங்களும் அதை நம்பி, இன்னும் தூரம் அடிக்கும் பெரிய கிளப்பை (கோல்ஃப் மட்டையை) எடுப்பீர்கள். கோல்ஃப் கருவியோடு அரிட்டாபட்டிக்குப் போனால், எதிரே நீட்டிக்கொண்டிருக்கும் வேலிக்கருவைக் கிளையின் தூரத்தைச் சொல்லும். இரண்டுமே பழுதான கருவி அல்ல, இடம் மாறிய கருவி. இரண்டு வேலைக்கும் ஒன்றே போதும் என்று நினைப்பவர்கள், இரண்டு முறைகளுக்கும் மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளதைத்தான் வாங்க வேண்டும்.

படி 3: பெட்டியில் போட்டிருக்கும் தூரம்

பெட்டியில் இருக்கும் பெரிய எண், நன்றாக ஒளியைத் திருப்பும் பளபளப்பான பலகைக்கு உரியது. மரம், பாறை, துணி என்றால் அதைவிட நிறையக் குறையும். விலங்கின் தோல் என்றால் இன்னும் குறையும். உச்சிவெயிலிலும் குறையும். நல்ல நிறுவனங்கள் பலகைக்கு இவ்வளவு, மரத்துக்கு இவ்வளவு, கொடிக்கு இவ்வளவு என்று தனித்தனியாகக் குறிப்பிடும். அந்த விவரமே இல்லாமல் ஒற்றை எண்ணை மட்டும் போட்டிருந்தால் எனக்கு நம்பிக்கை வராது. கோல்ஃபுக்குக் கொடியை 250 மீட்டரில் உறுதியாகப் பிடித்தால் போதும், அதற்கு மேல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அலகையும் கவனியுங்கள். பல கருவிகள் கெஜத்தில் காட்டும்படிதான் வந்து சேரும். ஒரு கெஜம் 0.9144 மீட்டர். 150 என்று காட்டுவது கெஜமாக இருந்தால் அது 137 மீட்டர்தான். ஒரு முழு கிளப் வித்தியாசம்.

படி 4: சரிவுக் கணக்கு

இங்கேதான் இரண்டு வகைக் கருவிகளும் மறுபடி பிரிகின்றன. கடைக்காரர்களில் பலரும் இதை விளக்குவதில்லை.

கொடி 140 மீட்டரில் இருக்கிறது, நீங்கள் நிற்கும் இடத்தைவிட 10 மீட்டர் மேடு என்று வைத்துக்கொள்வோம். பந்து வளைந்து இறங்கி வரும்போது, மேடான தரை அதை முன்கூட்டியே தடுத்துவிடும். அதனால் சுமார் 150 மீட்டருக்கு அடிப்பது போல அடிக்க வேண்டும். அதே கொடி 10 மீட்டர் பள்ளத்தில் இருந்தால் பந்து இன்னும் கொஞ்சம் பறந்துவிட்டுத்தான் தரையைத் தொடும். சுமார் 130-க்கு அடித்தால் போதும். கோல்ஃப் கருவியின் சரிவு வசதி இந்தக் கணக்கைத்தான் போடுகிறது. மேடு என்றால் கூட்டும், பள்ளம் என்றால் குறைக்கும்.

வேட்டைக் கருவி போடுவது வேறு கணக்கு. அம்பும் தோட்டாவும் எவ்வளவு கீழே இறங்கும் என்பது, படுக்கைவாட்டில் எவ்வளவு தூரம் போகிறது என்பதைப் பொறுத்தது. மரத்தின் மேலிருந்து கீழே எய்தாலும், கீழிருந்து மேலே எய்தாலும் நேர்க்கோட்டுத் தூரத்தைவிடப் படுக்கைத் தூரம் குறைவுதான். 30 டிகிரி சாய்வில் 100 மீட்டர் என்றால் 87 மீட்டர் என்று காட்டும். மேலே சொன்ன கோல்ஃப் கொடியை இந்தக் கருவியில் பார்த்தால், மேடு பள்ளம் இரண்டுக்கும் 140-தான் வரும். கொடைக்கானல் மாதிரி இடத்தில் அந்த 140 உங்களுக்கு ஒன்றும் சொல்லாது.

கொடைக்கானலில் விளையாடுகிறவர்கள் மனதில் வைக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவு என்பதால் பந்து கூடுதலாகப் பறக்கும். சாதாரணச் சரிவுக் கணக்கில் இது சேராது. கருவி காட்டும் தூரத்தை எடுத்துக்கொண்டு, அங்கே உங்கள் அடி எவ்வளவு கூடுகிறது என்பதை நீங்களேதான் பழகித் தெரிந்துகொள்ள வேண்டும்.

போட்டியில் ஆடும் எண்ணம் இருந்தால் விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். கோல்ஃப் விதி 4.3-இன்படி, 2019-இலிருந்து தூரம் அளக்கும் கருவிக்குப் பொது அனுமதி உண்டு. போட்டிக்குழு வேண்டுமானால் தடுக்கலாம். சரிவுக் கணக்கைப் பயன்படுத்தக் கூடாது. முதல் முறை மீறினால், மொத்த அடிகளை எண்ணி ஆடும் ஸ்ட்ரோக் பிளேயில் உங்கள் கணக்கில் தண்டனையாக இரண்டு அடி கூடும், மறுமுறை ஆட்டத்திலிருந்தே நீக்கம். அதனால் சரிவு வசதியை அணைக்கும் சுவிட்ச் உள்ள மாடலை வாங்குங்கள். அணைத்திருப்பது வெளியிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி இருந்தால் உடன் ஆடுகிறவர்களுக்கும் சந்தேகம் வராது.

படி 5: கண்ணாடி, திரை, பேட்டரி

உருப்பெருக்கம் 6 மடங்கு போதும். 7 வரை போகலாம், அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும். முன் கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். 24 மில்லிமீட்டர், 6 மடங்கு என்றால் 4 வரும். இந்த எண் கூடக் கூட மங்கிய வெளிச்சத்தில் படம் தெளிவாக இருக்கும். விடியற்காலையில் பறவை பார்ப்பவர்கள் இதில் சமரசம் செய்துகொள்ள வேண்டாம்.

திரையில் எண்கள் கறுப்பாகத் தெரிந்தால் பகலில் நன்றாக இருக்கும், இருட்டு மரத்தின் மேல் பார்க்கும்போது காணாமல் போகும். சிவப்பு எழுத்து அதற்கு நேர்மாறு. பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் நம் ஊர் வெயிலுக்கும் தாங்கும்.

பேட்டரி பல மாடல்களில் சிஆர்2. கைக்கடிகாரத்துக்குப் போடும் சிஆர்2032 வேறு, மாற்றி வாங்கிவிடாதீர்கள். சின்ன ஊர்க் கடைகளில் சிஆர்2 கிடைப்பது கஷ்டம் என்பதால் ஒன்றை உபரியாகப் பையில் வைத்திருக்க வேண்டும். போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏற்றும் மாடல்களும் வந்துவிட்டன, எனக்கு அவைதான் பிடித்திருக்கின்றன.

மலைக்குப் போகும் கருவி என்றால் ஐபிஎக்ஸ்7 தரம் பாருங்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். ஐபிஎக்ஸ்4 தூறலுக்கு மட்டும்தான். லேசர் 'கிளாஸ் 1' என்று அச்சிட்டிருக்க வேண்டும். அது இல்லாததைத் தொடவே வேண்டாம். கிளாஸ் 1 ஆனாலும் யார் முகத்தையும் குறிவைக்காதீர்கள்.

படி 6: திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதியுங்கள்

கருவி கைக்கு வந்ததும் முதல் வேலை, கண் வைக்கும் வளையத்தைத் திருப்பித் திரையில் உள்ள எழுத்து கூர்மையாகத் தெரியும்படி உங்கள் கண்ணுக்குச் சரிசெய்வது. இதைச் செய்யாமலேயே "படம் மங்கல்" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு.

அப்புறம் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போங்கள். ஓடுபாதையில் 100 மீட்டர் ஓட்டத்தின் தொடக்கக் கோட்டில் நின்றுகொண்டு, முடிவுக் கோட்டில் ஒருவரை அட்டைப்பெட்டியோடு நிற்கச் சொல்லுங்கள். பெட்டியைப் பத்து முறை அளந்து பாருங்கள். 99, 100, 101 என்று வந்தால் நல்ல கருவி. ஒரு முறை 96, மறுமுறை 104 என்று தாவினால் வேண்டாம்.

இலக்கு முறையைச் சோதிக்க வண்டியூர் தெப்பக்குளத்தைவிட நல்ல இடம் மதுரையில் எனக்குத் தெரியாது. குளம் ஏறத்தாழ 305 மீட்டருக்கு 290 மீட்டர், நட்ட நடுவில் மைய மண்டபம். ஒரு கரையின் சுவரோரம் நின்று மண்டபத்தின் ஓரத் தூணைக் குறிபாருங்கள், கதிரில் பாதி தூணிலும் பாதி எதிர்க்கரையிலும் படுகிற மாதிரி. முதல் இலக்கு முறையில் நூற்றுச் சொச்சம் மீட்டர் காட்ட வேண்டும், கடைசி இலக்கு முறையில் முந்நூறை ஒட்டி வர வேண்டும். முறையை மாற்றியும் ஒரே எண் வந்தால் அந்த வசதி பெயருக்குத்தான் இருக்கிறது. தண்ணீரைக் குறிபார்க்காதீர்கள்; சாய்வாகப் படும் ஒளியை அது எதிர்ப்பக்கம் தள்ளிவிடும், உங்களிடம் திரும்பி வராது.

சரிவுக்குக் கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்துத் தாமரைக் குளத்தருகே நின்று மேலே தெரியும் பாறையை அளந்தால், நேர்த்தூரமும் கோணமும் சரிக்கட்டிய தூரமும் திரையில் வரும். போனில் கால்குலேட்டரைத் திறந்து நேர்த்தூரத்தைக் கோணத்தின் கொசைனால் பெருக்குங்கள். வேட்டைக் கருவி என்றால் அதே எண் வர வேண்டும். கோல்ஃப் கருவி என்றால் நேர்த்தூரத்தைவிடக் கூடுதலாக வர வேண்டும். குறைவாக வந்தால் அதற்குள் இருப்பது வேட்டைக் கணக்கு; கோல்ஃபுக்கு என்று விற்றிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கொடைக்கானலுக்கு முதல் முறை எடுத்துப் போகும்போது மேகம் இறங்கினால் பதறாதீர்கள். பனிமூட்டத் துளிகளிலேயே ஒளி பட்டுத் திரும்புவதால் கோல்ஃப் முறையில் மிகக் குறைந்த தூரம் காட்டும், அல்லது கோடுகள் மட்டும் வரும். மூடுபனி முறை இருந்தால் அதற்கு மாற்றுங்கள், இல்லையென்றால் மேகம் விலகும்வரை மைதானத்தில் ஊன்றியிருக்கும் தூரக் குறிகளைப் பார்த்து ஆடுங்கள்.