குனிந்து காலைத் தொடாதீர்கள்: மவுண்டன் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் இடுப்பு வலியும் தப்பான ஆசனங்களும்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோவை மருதமலை அடிவாரத்திலோ ஆனைகட்டிச் சாலையிலோ நின்று பாருங்கள். சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு நாலைந்து பேர் வரிசையாகக் குனிந்து ஷூ நுனியைத் தொட முயன்றுகொண்டிருப்பார்கள். புதிதாக வந்தவர்கள் பழையவர்களைப் பார்த்துச் செய்கிறார்கள். பழையவர்களில் பாதிப் பேர் இதே இடுப்பு வலியோடுதான் வருடக்கணக்காக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சாப்பிட்டவுடன் ஆசனம் செய்யக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த பாடம். அவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு நாள் விடாமல் ஆசனம் செய்தும் வலி குறையாதவர்கள் என்ன தவறு செய்கிறார்கள் என்பதுதான் இங்கே பேச்சு.

சைக்கிளை விட்டு இறங்கியதும் குனிவது

இருக்கிற தவறுகளிலேயே அதிக நாள் சைக்கிளை மூலையில் நிறுத்தி வைக்கும் தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் நிற்பதில்லை.

“ஏனுங்ண்ணா, பத்து நாளா தெனமும் காலைத் தொட்டுட்டுத்தானுங்க இருக்கறேன், இடுப்பு நோவு கொறையவே மாட்டேங்குதுங்களே?” என்று கேட்கிறவரிடம் அதற்கான காரணமே அந்தப் பத்து நாள் பயிற்சிதான் என்றால் நம்ப மாட்டார். பக்கத்தில் ஒரு நண்பர் அவர் முதுகில் கையை வைத்து, “இன்னும் கொஞ்சங்க, முட்டியை மடக்காதீங்க” என்று அமுக்கிக்கொண்டிருப்பார். அந்தக் கையைப் பிடித்து இழுத்துவிட வேண்டும் போலிருக்கும்.

உள்ளே நடப்பது இதுதான். ஹேண்டில்பாரைப் பிடித்து உட்கார்ந்தால் கீழ்முதுகு முன்பக்கமாக வளைந்தே இருக்கிறது. இரண்டு மணி நேரச் சவாரி என்றால் இரண்டு மணி நேரமும் அப்படியேதான். முதுகெலும்பின் பின்பக்கத்தைக் கட்டிப் பிடித்திருக்கும் நார்கள், பழைய கால்சட்டையின் எலாஸ்டிக் மாதிரி, அந்த நேரத்தில் மெல்ல மெல்ல நீண்டுவிடும். 20 நிமிடம் முதுகை வளைத்து உட்கார்ந்தாலே இந்தத் தளர்ச்சி வருகிறது. நிமிர்ந்த இரண்டு நிமிடத்தில் பாதி சரியாகும். மீதி அரை மணி நேரம் கழித்தும் முழுதாகத் திரும்புவதில்லை. முதுகைக் காக்கும் தசைகளும் அப்போது களைத்துத் தாமதமாகவே வேலை செய்கின்றன. அந்த நிலையில் முட்டியை மடக்காமல் குனிந்தால், ஏற்கெனவே நீண்டு கிடக்கும் பக்கத்தையே இன்னும் இழுக்கிறோம். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் ஜவ்வின் (டிஸ்க்) பின்சுவருக்கு அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது.

குனிந்தவுடன் ஒரு சுகம் தெரியுமே என்பார்கள். தெரியும். தசை இழுபடும்போது வலியுணர்வு சற்று நேரம் மங்கும். கால் மணி நேரத்தில் இறுக்கம் திரும்பும், மறுபடி குனிவார்கள். இந்தச் சுழலில் மாதக்கணக்காக மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம்.

இதே தவறுக்குக் காலை நேர வடிவம் ஒன்றும் உண்டு. இரவில் படுத்திருக்கும்போது ஜவ்வுகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. காலையில் நம் உயரம் இரவைவிட ஒன்றரை, இரண்டு செ.மீ. கூடுதலாக இருப்பது இதனால்தான். பகலில் குறையும் உயரத்தில் பாதிக்கு மேல் எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே குறைந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் குனிந்தால் ஜவ்வின் மேல் விழும் அழுத்தம் மாலையில் குனிவதைவிட மிக அதிகம். நம்மவர்களோ ஐந்து மணிக்கு எழுந்து ஐந்தே காலுக்குச் சூரிய நமஸ்காரம் தொடங்குகிறார்கள். 12 நிலைகளில் மூன்றாவதும் பத்தாவதும் குனிந்து காலைத் தொடும் பாதஹஸ்தாசனம். ஆக 12 சுற்றுக்கு 24 முறை குனிவு. ரத சப்தமிக்கு 108 சுற்று போட்டால் 216. வலி இல்லாத உடம்பு தாங்கும். ஏற்கெனவே இடுப்பு பிடித்துக்கொண்டிருப்பவர் அதன்பின் ஆறு மணிக்கு சைக்கிள் ஏறினால் என்னவாகும்?

சூரிய நமஸ்காரத்தை விட வேண்டியதில்லை. எழுந்து ஒரு மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். மூன்றாவது, பத்தாவது நிலைகளில் முட்டியைத் தாராளமாக மடக்கி, தொடையில் கையூன்றி, முதுகு நேராக இருக்கும் அளவுக்கு மட்டும் சாயுங்கள். சாய்வு இடுப்பு மூட்டில் நடக்க வேண்டும், முதுகில் அல்ல. வித்தியாசம் தெரியாவிட்டால் ஒரு மாப் கட்டையை முதுகோடு நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடுவே, பிட்டத்துக்கு மேலேயுள்ள எலும்பு என்று மூன்று இடத்தில் அது தொட வேண்டும். முட்டியை லேசாக மடக்கி, பிட்டத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே சாயுங்கள். மூன்றில் ஒரு இடம் விட்டுப்போனால் அதோடு நில்லுங்கள். முதல் நாள் பலருக்கும் 30 டிகிரி தாண்டாது. வருத்தப்பட ஒன்றுமில்லை. இறக்கத்தில் பெடல் மேல் நின்று ஓட்டும்போது வேண்டியதும் இதே சாய்வுதான்.

சவாரி முடித்து இறங்கியதும் செய்ய வேண்டியது வேறு. ஐந்து நிமிடம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடங்கள். பிறகு இரண்டு உள்ளங்கையையும் பின்னிடுப்பில் வைத்து, மெதுவாகப் பின்னால் சாய்ந்து நிமிருங்கள், ஐந்து முறை. வீட்டுக்கு வந்ததும் பவானி ஜமுக்காளத்தை நாலாக மடித்துத் தரையில் போட்டுக் குப்புறப் படுங்கள். இலவம்பஞ்சு மெத்தை உதவாது, இடுப்பு உள்ளே அமுங்கிவிடும். இரண்டு நிமிடம் சும்மா படுங்கள். பிறகு முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கி ஒரு நிமிடம். தொப்புள் தரையிலேயே இருக்கட்டும்.

இதிலும் ஒரு எச்சரிக்கை. பின்னால் வளைவது எல்லோருக்கும் மருந்தல்ல. காலில் இருந்த வலி மேலே ஏறி முதுகு நடுவுக்கு வந்தால் நல்ல அறிகுறி, தொடரலாம். முதுகில் இருந்த வலி காலுக்கு இறங்கினால் உடனே நிறுத்துங்கள். எலும்பு ஒன்றின் மேல் ஒன்று நழுவியவர்களுக்கும், வயதானதால் நரம்பு போகும் பாதை குறுகியவர்களுக்கும் இப்படி நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனம் வலியைக் கூட்டவே செய்யும்.

தொடையின் பின்தசையை நின்றுகொண்டு இழுப்பது

பெடல் அடிக்கும்போது முழங்கால் முழுதாக நீள்வதே இல்லை. அதனால் பின்தொடை இறுகும் என்பது உண்மைதான். அதைப் படுத்துக்கொண்டு நீட்டினால் முதுகுக்குக் கெடுதல் இல்லை. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கிப் பாதத்தை ஊன்றுங்கள். ஓர் ஈரிழைத் துண்டை மறு பாதத்தில் மாட்டி, முட்டியில் சிறு மடிப்போடு காலைத் தூக்குங்கள். 30 விநாடி, காலுக்கு இரண்டு முறை. கீழ்முதுகு தரையில் அப்பளமாக ஒட்டிக்கொண்டு பிட்டம் தூக்க ஆரம்பித்தால் அளவு மீறிவிட்டது. இரண்டு விரற்கடை இறக்குங்கள்.

முன்பக்கத்தை மறப்பது

பெடல் கீழே இருக்கும்போதுகூடத் தொடை இடுப்புக்கு நேராக வருவதில்லை, மடங்கியே இருக்கிறது. ஆபீஸில் எட்டு மணி நேரம் நாற்காலி, மாலையில் இரண்டு மணி நேரம் சீட். முதுகெலும்பிலிருந்து தொடைக்கு வரும் சோவாஸ் தசை இப்படிச் சுருங்கியே கிடந்தால், நிமிர்ந்து நிற்கும்போது கீழ்முதுகை முன்னால் இழுக்கும். நின்றால் வலி, உட்கார்ந்தால் தேவலை என்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

ஒரு முட்டியை மடித்த ஜமுக்காளத்தின் மேல் ஊன்றுங்கள். மறு காலை முன்னால் வைத்து முட்டியைச் செங்கோணமாக மடக்குங்கள். இங்கேதான் தப்பு நடக்கிறது. உடம்பை முன்னால் தள்ளி, முதுகைப் பின்னால் வளைத்து, கையை மேலே தூக்கிப் படமெடுத்துக்கொள்வார்கள். அதில் வளைவது கீழ்முதுகு, தசை நீள்வதே இல்லை. முட்டி ஊன்றிய பக்கத்துப் பிட்டத்தை முதலில் இறுக்குங்கள், வால் எலும்பு உள்ளே போக வேண்டும். அந்த இறுக்கத்தை விடாமல் இரண்டு விரற்கடை மட்டும் முன்னே நகருங்கள். தொடையின் முன்பக்க மேல்பாதியில் இழுப்பு தெரிந்தால் சரி. கீழ்முதுகில் தெரிந்தால் திரும்ப ஆரம்பியுங்கள். 30 விநாடி, பக்கத்துக்கு இரண்டு முறை.

ஏறும் முன் நீண்ட இழுப்பு

ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் அதன் பலம் சிறிது நேரம் குறையும். கிளம்பும் முன் பூனை போல முதுகை ஏற்றி இறக்குவது எட்டு முறை, பாதிக் குந்தல் பத்து, காலை முன்பின் வீசுவது பத்து. போதும்.

சக்கராசனம், ஹலாசனம்

பின்னால் வில்லாக வளைவதும், மல்லாந்து படுத்துக் காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோவதும் வலி இருக்கும்வரை வேண்டாம்.

உட்கார்ந்து முறுக்குவது

அர்த்த மத்ஸ்யேந்திராசனத்தில் பெரும்பாலோர் கூன் போட்டுக்கொண்டுதான் திரும்புகிறார்கள். வளைவும் முறுக்கும் சேர்ந்தால் ஜவ்வு தாங்காது. மல்லாந்து படுத்து, முட்டிகளை மடக்கி, இரண்டு பக்கமும் மெல்லச் சாய்த்துக்கொள்ளுங்கள். ஆழியாறு மனவளக்கலை யோகப் பயிற்சியில் மகராசனம் கற்றவர்களுக்கு இந்தப் படுத்துத் திரும்பும் முறை புதிதல்ல.

நெகிழ்வு மட்டும் போதும் என்று இருப்பது

வலியுள்ள முதுகுக்கு, குறிப்பாகக் கல் நிறைந்த இட்டேரி மண்பாதையிலும் கீழ்பவானி வாய்க்கால் மேட்டிலும் குலுங்குகிற முதுகுக்கு, நெகிழ்வைவிட அதிகம் வேண்டியது அசையாமல் தாங்கும் பலம். கைகளையும் முட்டிகளையும் ஊன்றி எதிரெதிர் கை, காலை நீட்டி 10 விநாடி நில்லுங்கள். முதுகில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் சிந்தக் கூடாது. ஆறு முறை, கொஞ்சம் ஓய்வு, நாலு முறை, ஓய்வு, இரண்டு முறை. பக்கவாட்டில் ஒரு கையை ஊன்றி உடம்பைத் தூக்கும் வசிஷ்டாசனமும், முட்டியை ஊன்றியபடி, அதே கணக்கில். மல்லாந்து படுத்து முட்டிகளை மடக்கி இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனம் ஐந்து விநாடி வீதம் பத்து முறை செய்யலாம், பிட்டத்தின் பலத்தால்தான் தூக்க வேண்டும். பின்தொடை பிடித்துக்கொண்டால் குதிகாலை இன்னும் உள்ளே இழுங்கள். வாரம் நாலு நாள் என்று ஆறு வாரமாவது செய்தால்தான் மேட்டில் வித்தியாசம் தெரியும்.

சைக்கிளைத் தொடாமல் உடம்பை மட்டும் திருத்துவது

சீட் அதிக உயரத்தில் இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடும். எத்தனை ஆசனம் போட்டாலும் அந்த ஆட்டத்தை வெல்ல முடியாது. குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுவாருங்கள், முட்டி அப்போது நேராக வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்தால் 25 முதல் 35 டிகிரி வரை மடிப்பு தானாக வரும். சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருந்தால் இடுப்பு பின்னால் உருண்டு முதுகு கூனும். போனில் மட்டம் பார்க்கும் வசதியை வைத்து, சமமாகவோ ஒன்றிரண்டு டிகிரி கீழாகவோ வையுங்கள்.

பஞ்சர் கடையில் கம்ப்ரெஸரை வைத்து ஐம்பது, அறுபது பிஎஸ்ஐ ஏற்றிவிடுவார்கள், கல்லான டயர் குலுக்கலை முதுகுக்கே அனுப்பும். டியூப் போட்ட 2.2 அங்குல டயருக்கு, 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 முதல் 32 போதும். முன் டயருக்கு இரண்டு குறைவாக. காற்று அதிகமிருந்தால் கருவேல முள் ஏறாது என்பது தப்பான நம்பிக்கை. முள்ளுக்கு டியூபுக்குள் விடும், ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம்தான் பதில்.

ஏற்றத்தில் கனமான கியரை அழுத்தி மிதிப்பதும் இதோடு சேர்ந்ததுதான். கால் தள்ளும் பலத்துக்கு ஈடாக இடுப்பைப் பிடித்து நிறுத்துவது கீழ்முதுகுத் தசை. 15 விநாடியில் வலது முட்டி எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணுங்கள், 18 வர வேண்டும். வராவிட்டால் கியரை இறக்குங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. இரண்டு வளைவுக்கு ஒருமுறை, சாலை நேரானதும், பெடலில் எழுந்து நின்று இடுப்பைப் பத்து விநாடி முன்னே தள்ளுங்கள்.

முதுகுப் பையில் மூன்று லிட்டர் தண்ணீர்

மூன்று கிலோ. சைக்கிள் சட்டத்துக்கு மாற்றுங்கள்.

நரம்பு இழுப்பதைத் தசைப் பிடிப்பு என்று நினைப்பது

காலைத் துண்டால் தூக்கும்போது எரிச்சலோ, மின்சாரம் பாய்ந்தாற்போலவோ, பாதம்வரை ஊசி குத்தலோ வந்தால் அது தசையின் வேலையல்ல. கால் விரல்களை உங்கள் பக்கம் இழுக்கும்போதும் தாடையை நெஞ்சுக்குக் கொண்டுவரும்போதும் அது கூடினால் நரம்புதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுக்க இழுக்க நரம்பு சீண்டப்படும். அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு, சமதளத்தில் நடையும் குப்புறப் படுப்பதும் மட்டும் செய்து, பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். சுளுக்கு வழிக்கிறவரிடம் போய் முதுகை வெடுக்கென்று திருப்பிக்கொள்ள வேண்டாம்.

பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுபட்டால், நாளுக்கு நாள் காலில் பலம் குறைந்தால், காய்ச்சலோடு முதுகு வலித்தால், விழுந்த பின் நடுமுதுகு எலும்பில் தொட்டாலே வலித்தால் எக்ஸ்-ரேயோ எம்ஆர்ஐயோ தேவைப்படும், மருத்துவர் சொல்லும்வரை ஆசனம் கிடையாது. தொடை இடுக்கும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, சிறுநீர் வராமலோ அடக்க முடியாமலோ போவது இரண்டும் வேறு ரகம். நீண்ட சவாரியில் சீட் அழுத்தி மரத்துப்போவது இறங்கிச் சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். இது தெளியாது. முதுகுத் தண்டின் அடிநரம்புக் கொத்து நசுங்கும்போது வருவது, சில மணி நேரத் தாமதம்கூட நிரந்தரப் பாதிப்பில் முடியலாம். திங்கட்கிழமை ஓ.பி.க்குக் காத்திருக்காமல், ஞாயிறு இரவானாலும் நரம்பு அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே போனதும் முதல் வாக்கியமாக மரத்துப்போனதையும் சிறுநீர்ப் பிரச்சினையையும் சொல்லுங்கள், இடுப்பு வலியை அப்புறம் சொல்லலாம்.