சென் என்ற சீனக் குடும்பப் பெயரின் பூர்வீகத்தைத் தேடும் முறை

கொழும்பிலுள்ள சீன வம்சாவளிக் குடும்பமொன்றின் மூலத்தைத் தேடுவோர், பெயரின் ஒலியை நம்பாமல், அது எழுதப்படும் சீன எழுத்தையே முதலில் கண்டறிய வேண்டும். மண்டரின் மொழியில் சென் எனப்படும் எழுத்தே கன்டனியத்தில் சான், ஹொக்கியனில் தான், வியட்நாமில் ட்ரான் என ஒலிப்பதால், பிறப்புச் சான்றிதழின் ஆங்கில எழுத்துக்கூட்டல் மட்டும் போதாது. பழைய கடிதங்கள் உதவும். அவற்றைவிட உறுதியான சான்று கல்லறைக் கல்லாகும், ஏனெனில் இறந்தவரின் பூர்வீக ஊரையும் அதில் பொறிப்பது சீனர் வழக்கம்.

எழுத்து உறுதியானபின் வரலாற்றுக்குச் செல்லலாம். சோவ் வம்சம் சாங் வம்சத்தை வென்றபோது, ஷுன் என்ற தொன்ம மன்னரின் வழித்தோன்றலாகக் கருதப்பட்ட கூய் மான் என்பவருக்கு, இன்றைய ஹெனான் மாகாணத்தின் ஹுவாய்யாங் பகுதியிலிருந்த சென் நாடு வழங்கப்பட்டது, கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சூ நாடு அதை அழித்தபின், அந்நாட்டின் பெயர் அவருடைய வழியினரின் குடும்பப் பெயராக நிலைத்தது. ஊர்ப்பெயர் ஆளோடு ஒட்டிக்கொள்வது நமக்கும் புதிதன்று.

எனினும் ஒரே பெயர் ஒரே இரத்த உறவைக் காட்டாது. கொழும்பு தேசிய நூதனசாலையிலுள்ள, தமிழும் இடம்பெற்ற 1409ஆம் ஆண்டின் மும்மொழிக் கல்வெட்டோடு தொடர்புடைய கடற்படைத் தளபதி செங் ஹேயின் பிறப்பால் வந்த குடும்பப் பெயர் மா ஆகும். செங் என்பது பேரரசர் அளித்தது. ஆகவே, பூர்வீக ஊர் தெரிந்ததும், அங்குள்ள குலத்தாரிடம் வம்சாவளி நூலைக் கேட்டு, தலைமுறைப் பெயர்களை (ஒரே தலைமுறையினர் தம் பெயர்களில் பொதுவாகச் சேர்க்கும் எழுத்துகளை) ஒவ்வொன்றாக ஒப்பிடுவதே முறை.