வாடையையும் புயலையும் தாங்கும் கோழிக்கூடு

மாரியில் கோழியைக் கொல்வது குளிரைவிட ஈரந்தான். உலர்ந்த இறகோடு இருக்கும் கோழி, திருகோணமலையின் மார்கழிக் குளிரைப் பொருட்படுத்தாது. நனைந்தபின் வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று பட்டால்தான் ஓரிரவிலேயே விறைத்துவிடும். அதற்காகக் கூட்டை நாலு பக்கமும் இறுக மூடுவதும் பிழை. எச்சத்தின் காரநெடி உள்ளே தேங்கி, கண் வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கும். ஆகவே மழை நுழையாமல் காற்று போய்வர வழி செய்வதே முழு வேலையும்.

10 கோழிக்கு 6 அடி நீளம், 4 அடி அகலம் போதும். முருங்கைக்குக் கீழோ தென்னைக்குக் கீழோ கட்டாதீர்கள். முருங்கைக் கொப்பு சும்மா காற்றுக்கே முறியும். நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கத்து மணலில் கப்பை (கூரை தாங்கும் தூணை) 3 அடி ஆழம் இறக்கி, அடியில் ஒன்றரை அடிக் குறுக்குக் கட்டையொன்றை ஆணியடித்துப் புதையுங்கள். இல்லாவிட்டால் நனைந்த மணலிலிருந்து கப்பு உருவிக்கொண்டு வரும். தம்பலகாமத்துக் களிமண்ணுக்கு 2 அடி ஆழம் காணும். ஆனால் அங்கே வெள்ளம் நிற்கும் என்பதால் பலகைத் தளத்தை நிலத்திலிருந்து இரண்டரை அடி உயர்த்த வேண்டும்.

கூரை பறப்பதற்குக் காரணம் மேலே அடிக்கும் காற்று மட்டுமல்ல. திறந்த பக்கத்தால் உள்ளே புகும் காற்று கீழிருந்து தள்ள, மேலே ஓடும் காற்று இழுக்கும். அதனால் தகரத்தின் பதிந்த பக்கம் வடகிழக்கைப் பார்க்கட்டும். 4 அடி அகலத்துக்கு 1 அடி சரிவு. இறவாரம் 1 அடிக்கு மேல் நீளக்கூடாது. வெறும் ஆணியை நம்பாமல், இறப்பர் வாசர் போட்ட திருகாணியைத் தகரத்தின் மேட்டில் இறுக்குங்கள். பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். ஓரங்களில் ஒவ்வொரு மேட்டுக்கும், நடுவில் ஒன்றுவிட்டு ஒன்றுக்கும்.

தகரம் வளையோடு (தகரம் அறையும் கூரைமரத்தோடு) நின்றாலும் வளை கப்போடு நிற்க வேண்டுமே! பலர் கோட்டைவிடுவது இங்கேதான். இரண்டும் சந்திக்கும் ஒவ்வொரு மூலையிலும் தடித்த நாகமுலாம் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்குங்கள். கடற்கரையில் உப்புக்காற்று கம்பியை அரித்துவிடும்; புரட்டாதியில் ஒருமுறை வளைத்துப் பார்த்து, துரு உதிர்ந்தால் மாற்றுங்கள். கூரைக்குப் பாரமாகக் கல்லைத் தூக்கி வைப்பது ஆபத்து. இரண்டு மண்மூட்டையைக் கயிற்றால் பிணைத்துக் கூரையின் இருபுறமும் தொங்கவிடுவது மேல்.

வடகிழக்குச் சுவரில் கீழ் 2 அடி பலகை, அதற்குமேல் கம்பிவலையும் தறப்பாளும். தறப்பாளை மேலே கட்டித் தொங்கவிடாதீர்கள். அடியில் அறைந்து, கயிற்றால் மேலே இழுத்து மூடும்படி வைத்தால், திறக்கும்போது இடைவெளி மேல்பக்கம் விழும். காற்று கோழியின் தலைக்குமேல் போகும். தென்மேற்கில் கூரைக்குக் கீழே 6 அங்குலம் எப்போதும் திறந்திருக்கட்டும். ஆனால் அந்தப் பக்கத்துக்கும் ஒரு தறப்பாள் கைவசம் வேண்டும். 2020 டிசம்பர் 2இல் புரெவிப் புயல் கரை கடந்ததுபோல, புயலின் மையம் திருகோணமலை நகருக்கு வடக்கே போனால் காற்று மேற்கிலிருந்து, தரைப்பக்கமாகத் திரும்பி அடிக்கும். வாடைக்கென்று கட்டிய மறைப்பு அன்றைக்கு உதவாது.

தளத்தில் 4 அங்குலம் உமியோ மரத்தூளோ பரப்பி, இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். ஒரு பிடி அள்ளி அமத்திப் பாருங்கள்: கையை விரித்ததும் உதிர்ந்தால் நல்லது, உருண்டையாகவே நின்றால் ஈரம் கூடிவிட்டது, கட்டியானதை அள்ளி எறிந்து புதிதாகப் போடுங்கள். விட்டால் இரத்தக்கழிச்சல் வரும், குஞ்சுகளுக்கு முதலில். தண்ணீர்ப் பாத்திரத்தைச் செங்கல்லின் மேல் வைத்தாலே பாதி ஈரம் குறையும்.

படுக்கும் தடிக்கு ஒரு கோழிக்கு 8 அங்குல இடம் விடுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் ஒரு கிழமைத் தீனியை மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாவில் எடுத்து வையுங்கள். முட்டையிடும் கோழி நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் தின்னும். பத்துக்கு ஏறக்குறைய எட்டரைக் கிலோ. நனைந்து பூஞ்சணம் பிடித்த தீனியைக் காயவைத்தும் கொடுக்காதீர்கள், நஞ்சு வெயிலில் போகாது. மின்சாரம் நின்றால் குஞ்சுப்பெட்டிக்குள் கரிச்சட்டி வேண்டாம், புகை கொல்லும். சுடுதண்ணீர்ப் போத்தலைச் சாக்கில் சுற்றி வையுங்கள். கடுங்காற்று என்றால் கூட்டை விட்டுவிட்டு, பொழுதுபட முன்னரே கோழிகளைக் கூடைகளில் குசினிக்குள் கொண்டுவாருங்கள். இருட்டி மழையும் தொடங்கியபின் பிடிக்கப் போனால், பிடிக்கிற ஆளோடு கோழியும் நனையும்.