பாதியில் நின்ற சைடர்: அவசரத்தில் செய்யக்கூடாதவை

ஆப்பிள் சாற்றை ஈஸ்ட் போட்டு நொதிக்கவைத்துச் சைடர் செய்பவர்களுக்கு, ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடிக் குழாய்) குமிழி வரவில்லை என்றதும் கை பரபரக்கும். இன்னொரு பாக்கெட் ஈஸ்ட், கொஞ்சம் சர்க்கரை, நன்றாக ஒரு கலக்கு. தயவுசெய்து எதையும் போடாதீர்கள். காரணம் தெரியாமல் கொடுக்கும் வைத்தியத்தில் பிழைத்த சைடர் குறைவு.

முதலில், குமிழியை நம்பாதீர்கள். மூடி சரியாக உட்காரவில்லை என்றால் வாயு அந்த இடுக்கு வழியாகப் போய்விடும், உள்ளே நொதித்தல் மும்முரமாக நடந்துகொண்டிருந்தாலும் ஏர்லாக் சும்மாதான் இருக்கும். ஹைட்ரோமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது என்பது என் கட்சி. நீரை 1.000 என்று வைத்துச் சாற்றின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவி அது, சர்க்கரை தீரத் தீர எண் இறங்கும். ஆப்பிள் சாறு பொதுவாக 1.045 முதல் 1.055 வரை தொடங்கி, முடியும்போது 1.000 அல்லது அதற்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். அங்கே நின்றால் அது முடிந்துவிட்டது, கவலை வேண்டாம். 1.020ல் ஒரு வாரமாக அசையவில்லை என்றால்தான் சிக்கல். அளக்கும்போது கருவியை ஒரு சுழற்று சுழற்றி, ஒட்டியிருக்கும் குமிழிகளை உதறிவிடுங்கள், அவை அதை மேலே தூக்கிக் காட்டும். ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆல்கஹால் சேர்ந்த பிறகு அது காட்டும் எண்ணைத் திருத்தாமல் எடுத்துக்கொள்ள முடியாது. அப்புறம் பேரிக்காய்ச் சாறு கலந்திருந்தால், அதிலுள்ள சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருளை ஈஸ்ட் தொடாது. அது 1.000 வரை இறங்காமல் நிற்பது இயல்பே.

தொடங்கவே இல்லையா? கடையில் வாங்கிய சாறு என்றால் லேபிளைப் படியுங்கள். பொட்டாசியம் சார்பேட், சோடியம் பென்சோயேட் என்ற பதப்படுத்திகள் இரண்டில் எது இருந்தாலும் ஈஸ்ட் பெருகாது, அந்தச் சாற்றோடு மல்லுக்கட்டாமல் குடித்துவிடலாம். வைட்டமின் சி இருந்தால் பாதகமில்லை. சாற்றிலுள்ள கிருமிகளை அடக்கும் கேம்ப்டன் மாத்திரை (சல்ஃபைட்) போட்டவர்கள் 24 மணி நேரம் பொறுக்காமல் ஈஸ்ட் போட்டிருந்தாலும் இதே கதைதான். உலர் ஈஸ்டைக் கொதிநீரில் கரைத்துக் கொன்றுவிட்டு, ஈஸ்ட் பழசு என்று கடைக்காரரைத் திட்டுபவர்களும் உண்டு.

நடுவழியில் நின்றதற்கு இங்கிலாந்து மாதிரி இடங்களில் முதல் சந்தேகம் குளிர்மேல்தான். அக்டோபரில் பழம் பிழிந்து கராஜில் வைப்பார்கள், நவம்பரில் அங்கே 10 டிகிரிக்குக் கீழே போனதும் பல ஈஸ்ட் வகைகள் அடியில் படுத்துவிடும். ஜாடியை 18-20 டிகிரி இருக்கும் அறைக்குக் கொண்டுவந்து, அடிமண்டி எழும்பும்படி மெதுவாகச் சுழற்றிவிட்டு மூன்று நாள் சும்மா இருங்கள். ஹீட்டர் மேல் ஏற்றி வைக்காதீர்கள். நுரை அடங்கியதுமே தெளிந்த சாற்றை வேறு ஜாடிக்கு மாற்றுவதும் தவறு, பாதி வேலை மிச்சமிருக்கையில் வேலையாட்களை மண்டியோடு விட்டுவிடுகிறீர்கள்.

இன்னொரு காரணம் பட்டினி. ஆப்பிள் சாற்றில் நைட்ரஜன் குறைவு, அதிலும் உரமிடாத பழைய தோட்டத்து மரங்களின் பழத்தில் ரொம்பக் குறைவு. பிரான்சின் நார்மண்டியில் இதையே சாதகமாக்கி, ஊட்டத்தை வேண்டுமென்றே குறைத்து, நொதித்தலை இழுத்தடித்து, இயற்கையான இனிப்பு மிஞ்சும்படி செய்கிறார்கள், அது தனிக் கலை. நமக்கு அது வேண்டாம் என்றால் ஈஸ்டுக்கான ஊட்டமான நியூட்ரியன்டை ஆரம்பத்திலேயே போட வேண்டும். கடையில் விற்பதில் பெரும்பாலும் டிஏபி (டைஅம்மோனியம் பாஸ்பேட்) இருக்கும். ஆமாம், வயலுக்குப் போடும் அதே சேர்மம்தான், ஆனால் உர மூட்டையில் கைவைக்காதீர்கள், உணவுத் தரத்தில் இருப்பதை மட்டும் வாங்குங்கள். பாதி சர்க்கரை தீர்ந்த பிறகு கொட்டினால் ஈஸ்ட் அதை அவ்வளவாக எடுத்துக்கொள்ளாது, மிஞ்சுவது கெடுக்கும் கிருமிகளுக்குத் தீனியாகும். பொடியை அப்படியே தூவினால் கரைந்திருக்கும் வாயு ஒரேயடியாகப் பொங்கி ஜாடிக்கு வெளியே வந்துவிடும். தரையைத் துடைக்க வேண்டியதுதான். 'ஸ்ட்ராங்'காக வேண்டுமென்று ஏற்கெனவே சர்க்கரையை அள்ளிப் போட்டிருந்தால், ஈஸ்ட் தன் ஆல்கஹால் வரம்பைத் தொட்டு நின்றிருக்கலாம். அங்கே நியூட்ரியன்ட் எதுவும் செய்யாது.

சூடாக்கியும் அசையவில்லையா, சரி, புது ஈஸ்ட். ஆனால் நேராகப் போடக்கூடாது, ஆல்கஹாலும் அமிலமும் உள்ள இடத்தில் திடீரென விழுந்தால் பெரும்பாலும் எழாது. ஆல்கஹாலைத் தாங்கும் ஈசி-1118 போன்ற ஒரு வகையை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கொஞ்சம் புதுச் சாற்றில் நுரைக்க விடுங்கள். பிறகு நின்றுபோன சைடரைச் சம அளவு சேருங்கள், அது மீண்டும் நுரைத்ததும் இன்னொரு மடங்கு, இப்படிப் பழக்கிய பிறகே ஜாடியில் ஊற்ற வேண்டும். காற்று ஏற வேண்டுமென்று இந்தக் கட்டத்தில் குலுக்காதீர்கள். ஆக்சிஜன் ஈஸ்டுக்குத் தொடக்கத்தில் தேவை, இப்போது விட்டால் வினிகர்தான்.

கடைசியாக, ஆபத்தான தவறு. 'நின்றுவிட்டதே, இனிப்பாகவும் இருக்கிறதே' என்று 1.020ல் பாட்டிலில் அடைப்பது. ஷாம்பெய்ன் பாட்டிலில் இரண்டாம் நொதித்தலுக்கு லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரைதான் போடுகிறார்கள், அதிலேயே ஏறக்குறைய 6 வளிமண்டல அழுத்தம் உண்டாகும், அதைத் தாங்கத்தான் அந்தத் தடித்த கண்ணாடி. 1.020ல் நின்ற சைடரில் லிட்டருக்கு 40 கிராமுக்கு மேல் சர்க்கரை கிடக்கும். வசந்தத்தில் அறை சூடானதும் தூங்கிய ஈஸ்ட் எழுந்தால் சாதாரண பாட்டில் வெடித்துச் சிதறும். அந்த இனிப்பிலேயே குடிக்க ஆசையென்றால் சோடா வரும் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் வைத்து, அவ்வப்போது அழுத்திப் பார்த்து, கெட்டியாகிவிட்டால் மூடியைத் திறந்து வாயுவை விட்டு, சில நாளில் தீர்த்துவிடுங்கள். மற்றதெல்லாம் ஜாடியின் கழுத்து வரை நிரம்பி, ஏர்லாக்கோடு, கோடை வரும் வரை இருக்கட்டும்.