சாவித்துளை மறைந்த கார் கதவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத் தெருக்களில் நிற்கும் கார்களில் அடிக்கடி வரும் கோளாறு இது: ரிமோட் வேலை செய்யாது, ஸ்மார்ட் கீக்குள் செருகியிருக்கும் இரும்புச் சாவியை உருவிப் போட்டால் அதுவும் திரும்பாது. இதைச் சரிசெய்ய வரும் புது மெக்கானிக்குகளும் சாவிக்கடைப் பையன்களும் சொல்லி வைத்தாற்போல ஒரே மாதிரி தப்பு செய்கிறார்கள். சாவியை உள்ளே வைத்துப் பூட்டுவது மாதிரி எல்லாருக்கும் தெரிந்த சங்கதிகள் இங்கே வேண்டாம்.

பழைய கார்களில் பெரும்பாலும் முன்கதவு இரண்டிலும், டிக்கியிலும் சாவித்துளை இருக்கும். எல்லாக் கதவையும் ஒன்றாகப் பூட்டும் சென்ட்ரல் லாக்கும் ரிமோட்டும் வந்ததும் முதலில் இடப்பக்கத் துளை போனது, பிறகு டிக்கித் துளை. இன்று பல வண்டிகளில் மிச்சம் டிரைவர் கதவில் ஒன்றே ஒன்று. அதுவும் மூடிக்குள் ஒளிந்திருக்கிறது. கம்பெனிக்கு சிலிண்டரும் (சாவி போய்த் திரும்பும் உருளை) அதன் இணைப்புக் கம்பியும் மிச்சம், திருடனுக்கு ஸ்க்ரூடிரைவர் குத்த ஓர் இடம் குறைவு. கணக்கு சரிதான். ஆனால் மிஞ்சிய அந்த ஒரு துளை பழுதானால் மாற்று வழி கிடையாது.

துளையே இல்லை என்று முடிவுகட்டுவது

டிரைவர் பக்கக் கைப்பிடியின் பின்முனையில், அசையாமல் நிற்கும் சின்னத் துண்டுதான் மூடி. அதன் அடிப்பக்கத்தில் நகம் நுழையாத அளவுக்கு ஒரு கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் கைப்பிடியை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, இரும்புச் சாவியின் நுனியை அந்தக் கீறலில் கொடுத்து மேல்நோக்கி நெம்ப வேண்டும். பக்கவாட்டில் நெம்பினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கொக்கி ஒடியும்; அப்புறம் மூடி நிற்காது, மழைத்தண்ணீர் நேராகத் துளைக்குள் போகும். கீறலே இல்லாத வண்டியும் உண்டு. அதற்கு ஓனர் மேனுவலைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். இதற்குப் போய் பெரிய ஸ்க்ரூடிரைவரை எடுப்பவரைக் கதவுப் பக்கமே விடக்கூடாது. பெயின்ட் போய்விடும்.

பூட்டில் எண்ணெய் ஊற்றுவது

எரிச்சல் மூட்டுவது இதுதான். சாவி பாதி போய் நிற்கிறது. உடனே, "ஒரு சொட்டு எண்ணெய் விட்டா ஓடிடும்ண்ணா" என்று ஒருவர் கிளம்புகிறார். வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் வருகிறது, இல்லையென்றால் கேரேஜிலிருந்து பழைய என்ஜின் ஆயில். பூட்டும் அன்றைக்குத் திறந்துவிடுகிறது! வினை அங்கேதான். எண்ணெய்தான் வேலை செய்தது என்று ஓனர் நம்பிவிடுகிறார். அடுத்த முறையும் அதையே ஊற்றுகிறார்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். கார் பூட்டில் வேஃபர் என்ற மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் மயிரிழை போன்ற ஒரு ஸ்பிரிங். சிலிண்டரின் உடல் பெரும்பாலும் துத்தநாகக் கலவை. சரியான சாவி போனால் எல்லாத் தகடும் ஒரே மட்டத்துக்கு வரும், சிலிண்டர் திரும்பும். ஒரே ஒரு தகடு ஒட்டிக்கொண்டாலும் திரும்பாது. உப்புக்காற்று ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வெவ்வேறு உலோகங்கள் ஈரத்தோடு ஒட்டி நின்றால் அரிப்பு பிடிக்கும், துத்தநாகம் வெள்ளைத் தூளாகப் பூக்கும். தினமும் சாவி போய் வந்த காலத்தில் அந்தத் தூள் சேரவே நேரமில்லை. இப்போது கார் வாங்கிய நாளிலிருந்து சாவி ஒருமுறைகூட உள்ளே போயிருக்காது. மூடி தூசியைத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது.

இந்தத் தூள்மேல் எண்ணெய் விட்டால் இரண்டும் குழைந்து களிம்பாகும். மணலி நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் அதில் ஒட்டும். தேங்காய் எண்ணெய்க்கு இன்னொரு குணமும் உண்டு. சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி விடியற்காலையில் வண்டி எடுக்கப் போகிறவருக்கு அது தெரியவரும்.

அடுத்த கட்டம் இதைவிட மோசம். சாவி திரும்பவில்லை என்று குறடு போட்டுத் திருப்புகிறார்கள். ஸ்மார்ட் கீக்குள் இருப்பது மெல்லிய சாவி. தினசரி உபயோகத்துக்குச் செய்ததல்ல. முறுக்கினால் துளைக்குள்ளேயே ஒடியும். ஒடியாவிட்டால் தகடு வளையும். பல புதுப் பூட்டுகளில் அளவுக்கு மீறி முறுக்கினால் சிலிண்டர் சும்மா சுற்றும்படி அமைப்பு உண்டு. சாவி சுற்றும், கதவு திறக்காது. புது சிலிண்டர் வாங்கினால் அதற்கு வேறு சாவி. பழைய சாவிக்கே பொருந்த வேண்டுமென்றால், தகடுகளை ஒவ்வொன்றாக மாற்றி அடுக்கத் தெரிந்த ஆளைத் தேட வேண்டும்.

சரியான முறை இது. துளையைச் சுற்றிப் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு, எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனரை மெல்லிய குழாய் வழியாக இரண்டு மூன்று விநாடி அடியுங்கள். சாவியை உள்ளே விட்டு எடுத்து, ஒவ்வொரு முறையும் வெள்ளைத் துணியில் துடையுங்கள். திருப்ப வேண்டாம், போய் வந்தால் போதும். இருபது தடவையாவது செய்யுங்கள். துணியில் கறுப்பும் வெள்ளையும் வருவது நின்றதும் பத்து நிமிடம் காயவிட்டு, கிராஃபைட் தூளை ஒரு சிட்டிகை ஊதி விடுங்கள். தூள் கிடைக்காவிட்டால் 4பி பென்சிலைச் சாவியின் இரு பக்கமும் அழுத்தித் தேய்த்துப் போட்டாலும் ஓரளவு நடக்கும். பிறகு இரண்டு விரல் பலத்தில் மட்டும் திருப்புங்கள். நின்றால் சாவியை ஒரு மில்லிமீட்டர் பின்னுக்கு இழுத்து மறுபடி முயலுங்கள்.

துரு தளர்த்தும் ஸ்ப்ரே? இறுகிப்போன பூட்டுக்கு ஒருமுறை அடிக்கலாம், தப்பில்லை. ஆனால் திறந்ததும் கான்டாக்ட் கிளீனரால் கழுவி எடுத்துவிட வேண்டும். அதன் ஈரத்தின்மேல் கிராஃபைட் போட்டால் மறுபடி களிம்புதான்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எர்ணாவூர், திருவொற்றியூர் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்தது. அப்படிப்பட்ட தண்ணீரில் கைப்பிடி வரை நின்ற வண்டிக்கு வெளியிலிருந்து ஸ்ப்ரே அடிப்பது வீண். சிலிண்டரைக் கழற்றித்தான் கழுவ வேண்டும். பல ஐரோப்பிய வண்டிகளில் கதவின் ஓரத்தில் ரப்பர் அடைப்பானுக்குப் பின்னால் ஒரு டார்க்ஸ் திருகு (தலையில் நட்சத்திரக் குழி உள்ளது) இருக்கும். அதைத் தளர்த்தினால் போதும். முழுதாகக் கழற்றினால் திருகு கதவுக்குள் விழுந்துவிடும். பிறகு உள்பலகையை எடுத்துத் தேட வேண்டியதுதான்.

டிக்கி வழியாகப் போகலாம் என்று நம்புவது

இப்போது பெரும்பாலான டிக்கிகள் மின்சாரத்தில் திறப்பவை. 12 வோல்ட் பேட்டரி செத்தால் டிக்கியும் செத்தது. மின்சாரக் காரிலும் கதவுப் பூட்டை ஓட்டுவது அதே 12 வோல்ட் பேட்டரிதான். கீழே இருக்கும் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் பயனில்லை. அந்த 12 வோல்ட் பேட்டரி பெரும்பாலும் பானெட்டுக்குள், பானெட் திறக்கும் நெம்புகோல் காருக்குள். அதனால்தான் டிரைவர் கதவுத் துளைக்கு இவ்வளவு பாடு.

கம்பி விட்டுத் திறப்பது

கதவுக்குள் ஒயரும் சில வண்டிகளில் ஏர்பேக் சென்சாரும் இருக்கின்றன. வேண்டாம்.

கதவு திறந்தும் வண்டி எடுக்க முடியாது என்று நினைப்பது

சாவியால் திறந்ததும் அலாரம் கத்தலாம். பயப்பட வேண்டாம். ஸ்மார்ட் கீயின் செல் தீர்ந்திருந்தாலும் அதற்குள் இருக்கும் சிப்புக்கு செல் தேவையில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டு, கீயையே ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டினாற்போல வைத்து அழுத்துங்கள். சில வண்டிகளில் வைக்க வேண்டிய இடம் முன்சீட்டுகளுக்கு நடுவே உள்ள கன்சோலில் இருக்கும். வண்டியை டௌ டிரக்கில் ஏற்றி அனுப்பிய பிறகு இதைச் சொன்னால் ஓனருக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

ரிமோட் செல்

பழைய செல்லில் அச்சடித்த எண்ணையே வாங்குங்கள். 2032க்குப் பதில் 2025 போட்டால் ஆடும்.

சாவி எண் வில்லையைத் தூக்கிப் போடுவது

புது வண்டியோடு சாவிக்கொத்தில் ஒரு சின்ன வில்லை வரும். சாவியின் வெட்டு எண் அதில் இருக்கும். இரண்டு சாவியும் தொலைந்தால், பூட்டைக் கழற்றாமல் சாவி வெட்ட அந்த எண் உதவும். வண்டிக்குள் வைக்காதீர்கள், வீட்டில் ஆர்சி புத்தகத்தோடு வையுங்கள்.

பழைய கார் வாங்கும்போது

ரிமோட்டைத் தொடாமல் இரும்புச் சாவியால் டிரைவர் கதவைப் பூட்டித் திறந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு கீயையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்; ஒன்றில் சாவியே இல்லாமல் வெறும் கூடு மட்டும் இருப்பதுண்டு. துளையிலிருந்து எடுத்த சாவி பிசுபிசுவென்று இருந்தால் யாரோ எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். விலை பேசும்போது சிலிண்டர் வேலையையும் சேர்த்துக் கழியுங்கள்.