ஜெர்மனிக்குப் போகிற நம் பிள்ளைகளுக்கு: பேச்சு, செயலி, வாடகை வீடு

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்து, தாதியர் பயிற்சிக்கோ வேறு தொழிற்பயிற்சிக்கோ ஜெர்மனிக்குப் புறப்படுகிற பிள்ளைகளுக்காகவும், அவர்களை அனுப்பிவிட்டு இங்கே தூக்கமில்லாமல் இருக்கும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். விசா, மருத்துவக் காப்புறுதி, கோலாலம்பூர் கோதே நிலைய ஜெர்மன் மொழித் தேர்வு ஆகியவற்றை விளக்கப் பலர் இருக்கிறார்கள். அங்கே வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் தரும் உறுதிப் படிவம் வேண்டும். நம் 999க்குப் பதிலாக, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 112, காவல்துறைக்கு 110.

பேச்சுக்குச் சில வாக்கியங்களை விமானம் ஏறுவதற்கு முன்பே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். யாரையும் அணுகும்போது 'என்ட்ஷுல்டிகுங்', அதாவது 'மன்னிக்கவும்'. முன்பதிவோடு அலுவலகம் போனால் 'இஷ் ஹாபெ ஐனன் டெர்மின்'. புரியாதபோது 'இஷ் ஃபெர்ஷ்டேஹெ நிஷ்ட்'. இவை எல்லாவற்றையும்விட உதவுவது 'கோனன் ஸீ தஸ் பிட்டெ அவுஃப்ஷ்ரைபன்', அதாவது 'அதைக் கொஞ்சம் எழுதித் தர முடியுமா' என்பது. காதில் விழுந்ததை நம்புவதைவிடக் கையில் உள்ள தாளை நம்பலாம். குறிப்பாக நேரம் சொல்லும்போது எழுதி வாங்குங்கள், ஏனென்றால் 'ஹால்ப் ஆஹ்ட்' ('அரை எட்டு') என்பதை நம் பழக்கத்தில் எட்டரை என்று எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்பீர்கள்; அது ஏழரை மணி.

மொழிபெயர்ப்புச் செயலியைப் பொறுத்தவரை, தமிழில் 'நீங்கள்' என்று மரியாதையாகத் தட்டினாலும், இடையில் ஆங்கிலத்தின் வழியாகப் போனால் அந்த மரியாதை தொலைந்து, மறுபுறம் ஜெர்மனில் 'டூ', அதாவது 'நீ', என்று வரக்கூடும். அறிமுகமில்லாத வீட்டுக்காரரிடமோ அதிகாரியிடமோ அப்படி எழுதுவது தோட்டத்துக் கிராணியை 'என்னப்பா நீ' என்று அழைப்பதற்குச் சமம். அனுப்பும் முன் 'நீங்கள்' என்பதற்கான 'ஸீ' இருக்கிறதா என்று பாருங்கள்.

இவையெல்லாம் சங்கடத்தோடு போய்விடும். என் அக்காள் மகளுக்குக் காசே போனது, அதுவும் செயலி சரியாக மொழிபெயர்த்த இடத்தில்.

ஆகஸ்டு இறுதியில் அறையைக் காலி செய்து, மருத்துவமனை விடுதிக்கு மாற நினைத்தாள். ஒப்பந்தத்தைச் செயலியில் படித்தபோது, மூன்று மாத முன்னறிவிப்பை 'எழுத்து மூலம்' தர வேண்டும் என்று வந்தது. நம்மூர்த் தாமானில், 'அண்ணே, அடுத்த மாதக் கடைசியில் கிளம்புகிறோம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு, சாவியைக் கொடுத்து டெபாசிட்டை வாங்கினால் கதை முடிந்தது; அவளோ அதைவிடப் பொறுப்பாக, மே மாதக் கடைசியில், செயலியின் துணையோடு நல்ல ஜெர்மனில் மின்னஞ்சல் அனுப்பினாள். வீட்டுக்காரர் இரண்டு வாரம் வாயே திறக்கவில்லை. பிறகு, கையெழுத்திட்ட தாள் வராததால் அறிவிப்பு செல்லாது என்று ஒரு வரியில் பதில் போட்டார். எனக்கு இன்னும் ஆறாதது அந்த இரண்டு வார மௌனந்தான்.

ஆனால் சட்டம் அவர் பக்கம் இருந்தது. ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 568ஆவது பிரிவு, வீட்டு வாடகையை முடிக்கும் அறிவிப்பு 'எழுத்து வடிவில்' இருக்க வேண்டும் என்கிறது. அந்த வடிவம் என்றால் கைப்படக் கையெழுத்திட்ட தாள் என்பதை 126ஆவது பிரிவு சொல்கிறது. சாதாரண மின்னஞ்சலோ, கையெழுத்தைப் படம் பிடித்து அனுப்புவதோ போதாது. வழக்கமான வாடகை வீட்டில், மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் தாள் வீட்டுக்காரரிடம் போய்ச் சேர்ந்தால்தான் அந்த மாதமும் கணக்கில் சேரும். அவள் தாள் ஜூன் நடுவில் சேர்ந்ததால் ஒப்பந்தம் செப்டம்பர் முடியும் வரை நீண்டது. ஆளில்லாத அறைக்கு ஒரு மாத வாடகை, நம் காசில் இரண்டாயிரம் ரிங்கிட்டை ஒட்டிய தொகை.

கூடப் படித்தவர்களோ 'ஆன்லைனிலேயே ரத்து செய்யலாமே' என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். கைப்பேசிச் சந்தாவுக்கு அது உண்மை. இணையத்தில் ஒப்பந்தம் விற்கும் நிறுவனங்கள் 2022 ஜூலை முதல் ரத்து செய்யும் பொத்தானைத் தம் தளத்திலேயே வைத்தாக வேண்டும். சந்தாவை முடிப்பதற்கும் வீட்டை முடிப்பதற்கும் 'க்யூண்டிகுங்' என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள், ஆனால் வீட்டுக்கு அந்தப் பொத்தான் வழி கிடையாது.

ஆகவே வாசகத்தைச் செயலியில் தயாரித்தாலும், ஜெர்மன் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்தி, தாளில் அச்சிடுங்கள். உங்கள் பெயர், வீட்டு முகவரி, தேதி, வெளியேறும் நாள் ஆகியவற்றை எழுதி, பேனாவால் கையெழுத்திடுங்கள். ஒப்பந்தத்தில் இருவர் பெயர் இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். நேரில் கொடுத்தால், நகல் ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். அஞ்சலில் அனுப்பினால் 'ஐன்ஷ்ரைபன்' என்று கேட்டுப் பதிவு அஞ்சலாக, மாதம் பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பே அனுப்பி, ரசீதை டெபாசிட் கைக்கு வரும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.